விசில் குடித்த தண்ணீர்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொண்டது. நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே எழுதுகிறேன். இங்கே உங்கள் தம்பி சாப்பிடுகிறார், கொஞ்சமாக. தூங்குகிறார், நன்றாகவே. என்னோடு சண்டை போடுகிறார், அதில் மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை.

போனில் பேசக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நான் சொல்வதில் பாதிதான் உங்கள் காதில் விழுகிறது. மீதியை நீங்களே இட்டுக்கட்டி அண்ணனிடம் சொல்லிவிடுகிறீர்கள். இங்கேயும் நான் போனைக் கையில் எடுத்தால் போதும், பக்கத்து அறையில் டி.வி. சத்தம் குறைந்துவிடும். அதனால் கடையில் மதிய இடைவேளையில், மூக்குக் கண்ணாடி பிரேம்களுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார்.

நீங்கள் உங்கள் தம்பிக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. வயிற்றைக் கிழித்து உன்னை வதைக்க வேண்டாம், இருக்கிற நாளை என்னோடு இரு, புறப்பட்டு வா என்று எழுதியிருந்தீர்கள். படித்து முடித்த கையோடு பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். சட்டைகளைத் தானே இஸ்திரி போட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பார்க்காத காட்சி அது. "அக்காவே கூப்பிட்டுட்டா, அப்புறம் என்ன?" என்கிறார். நோய் என்று தெரிந்ததிலிருந்து அவர் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம், அண்ணி. எழுதிவிட்டேன், இனிமேல் அது மனசுக்குள் கிடந்து புளிக்காது.

அவர் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "பரவிடுச்சுக்கா, முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பார். டிரைவர் வேலையில் பஸ் ஸ்டாண்டில் அவசரமாகப் பேசிப் பேசி, எதையும் முழுசாகச் சொல்லும் பழக்கமே அவருக்கு விட்டுப்போய்விட்டது. முழுவதையும் நான் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இரைப்பையில் இருப்பது புற்றுநோய்தான். குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். அதில் நான் யாரிடமும் மல்லுக்கட்டப் போவதில்லை. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்த மாதிரி முடிச்சுகள் வயிற்றுக்குள்ளும் உண்டாம். இரைப்பையைச் சுற்றிலும் இருக்கும், அதைத் தாண்டி ரத்தக் குழாய்களின் ஓரமாகவும் இருக்கும். புற்று கிளம்பினால் பெரும்பாலும் முதலில் பக்கத்து முடிச்சுகளில்தான் போய் உட்காருமாம். அதோடு நின்றிருந்தால் இரைப்பையோடு சேர்த்து அவற்றையும் எடுத்துவிடலாம். முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெரிய ரத்தக் குழாயின் ஓரம் வரைக்கும் போய்விட்டால், கத்தி வைத்துப் பயனில்லை, மருந்தை வைத்து நாளைத் தள்ள வேண்டியதுதான் என்கிறார்கள். எது என்று பார்க்கத்தான் சி.டி. ஸ்கேன் எடுத்தோம்.

அந்த ஸ்கேனில் பக்கத்திலும் வீக்கம், பெரிய குழாயின் ஓரத்திலும் ஏதோ உருண்டையாகத் தெரிந்தது. பரவியிருக்கலாம் என்று சந்தேகம், அப்படித்தான் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள். உங்கள் தம்பி "சந்தேகம்" என்ற சொல்லை மட்டும் தாண்டிவிட்டு மற்ற எல்லாவற்றையும் படித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஸ்கேன் படம் பார்க்கிற டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இருட்டு அறையில் ஏ.சி. குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, நாளெல்லாம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர். ஸ்கேனுக்கு முன்னால் கொடுத்த தண்ணீரை முழுசாகக் குடித்தாரா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வயிறு நிறையத் தண்ணீர் இருந்தால்தான் இரைப்பை விரிந்து நிற்குமாம். காலியாக இருந்தால் பிழிந்துபோட்ட துணி மாதிரி சுருண்டுவிடும், எது சுவர் எது முடிச்சு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். குடலும் அப்படித்தான், சுருண்டு கிடந்தால் உருண்டை மாதிரி ஏமாற்றும் என்றார். இவருடைய படத்தில் இரைப்பை சுருண்டு கிடக்கிறது. நான் அடித்துச் சொன்னேன், குடித்தார் டாக்டர், காலி பாட்டிலை என் கண்ணால் பார்த்தேன் என்று.

வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டேன். "குடிச்சேனே" என்றார். லைசென்ஸுக்காகக் கண் பரிசோதிக்க எங்கள் கடைக்கு டிரைவர்கள் வருவார்கள். முன்னால் போனவர் வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, நான் விளக்கைப் போடுவதற்குள் எழுத்துகளைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள் சிலர். உங்கள் தம்பி அன்று "குடிச்சேனே" என்றது அந்த வேகத்தில். எனக்குப் பொறி தட்டியது.

நேராக விசிலைத் தேடிப் போனேன். விசிலைத் தெரியுமே, இவரோடு ஒரே வண்டியில் ஓடும் கண்டக்டர். ஸ்கேன் அன்று துணைக்கு வந்தது அவன்தான். பணிமனை வாசலில் வைத்துக் கேட்டதும் அவன் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, அண்ணன் கண்ணைக் காட்டினாரு. நான் வாங்கிக் குடிச்சுட்டேன்" என்றான்.

சிரிக்காதீர்கள், அண்ணி. அல்லது சிரித்துவிட்டே படியுங்கள். நீண்ட தூர வண்டி எடுக்கும் நாளில் இவர் வாயில் தண்ணீர் படாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பாதி வழியில் பயணிகளை உட்கார வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கப் போவதைப் போன்ற அவமானம் உலகத்திலேயே இல்லை என்பது அவர் கட்சி. வண்டி நிற்கும் இடங்களில் கடைக்காரர்கள் அன்பாக டீயோ ஜூஸோ கொண்டுவந்து நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். அதனால் இவர் வாங்கிக்கொண்டு விசிலைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். விசில் ஒரு கேள்வி கேட்காமல் வாயில் ஊற்றிக்கொள்வான். காலம் காலமாக நடக்கிற ஏற்பாடு இது. ஸ்கேன் அறைப் பையன்கள் "மேசையில படுத்தா அசையக் கூடாது, நடுவுல எழுந்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்களா, உங்கள் தம்பிக்கு அது நெடுந்தூர வண்டியாகிவிட்டது. நான் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க எழுந்து போன நேரத்தில் பாட்டில் கைமாறிவிட்டது. "அப்புறம் பாத்ரூம் எங்கேன்னு தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான்க்கா தெரியும்" என்கிறான். பணிமனை வாசலில் நின்று அப்படிச் சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. பாவம், விசில் பயந்தே போய்விட்டான்.

டாக்டரம்மாவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். பிறகு, மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். "மாறும்னு சொல்லமாட்டேன்மா. மாறாதுன்னும் சொல்லமாட்டேன். ஆனா இந்தப் படத்தை நம்பி ஒருத்தரை ஆபரேஷன் வேண்டாம்னு அனுப்ப எனக்கு மனசு வரல" என்றார்.

மாறும் என்று நான் சொல்கிறேன். அதற்கு என்னிடம் எந்தப் படிப்பும் ஆதாரமும் இல்லை. சுருண்டு கிடந்த ஒரு படத்தைப் பார்த்து என் புருஷனை முடித்து வைக்க நான் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் உங்கள் தம்பி அசைய மறுக்கிறார். ஒரு தடவை பார்த்தாச்சு போதும், திரும்பவும் அதையே கேட்க என்னால் முடியாது, அக்காவிடம் போகிறேன் என்கிறார். கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு வேளை பேசாமலும் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்தது அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

நீங்கள் சொன்னால் கேட்பார். உங்கள் சொல்லைத் தவிர வேறு யார் சொல்லும் அவர் காதில் ஏறாது என்பது எனக்கு எத்தனையோ நாள் எரிச்சலைத் தந்த விஷயம்தான். இன்று அதையே நம்பி எழுதுகிறேன். தண்ணீரைக் குடி என்று ஒரு வரி எழுதுங்கள். மறுபடியும் அதே முடிவு வந்தால் நானே அவரை அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வருவேன், நானும் அங்கேயே இருப்பேன், சண்டை போடாமல் இருப்பேன். முடிவு மாறினால் அவரை எனக்கு விட்டுக்கொடுங்கள்.

உங்கள் பதில் வரும்வரை பெட்டியின் சாவி என் கைப்பையில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் கோபமும் மரியாதையும் குறையாத
தம்பி மனைவி


தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் பெண்டாட்டி எழுதிய கடிதத்தை மாமா சத்தம் போட்டு வாசித்துக் காட்டினார். தண்ணீர் குடித்ததாகப் பொய் சொன்னாயாம். இந்த வயசில் உனக்கு இது தேவையா?

நான் ஏன் வா என்று எழுதினேன் என்று உனக்குத் தெரியும். அம்மாவுக்கும் வயிற்றில்தான் வந்தது. உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியாமலே கொண்டுபோய், திறந்து பார்த்து, எல்லா இடத்திலும் இருக்கிறது என்று அப்படியே தைத்து அனுப்பினார்கள். அந்தத் தையல் ஆறுவதற்குள் அம்மா போய்விட்டாள். ஆபரேஷன் என்று யாராவது சொன்னாலே எனக்கு அந்தத் தையல்தான் கண்ணில் நிற்கிறது. உனக்கும் அது வேண்டாம் என்றுதான் எழுதினேன். வேறு ஒன்றும் இல்லை.

திறக்காமலே பார்க்க முடியும் என்று உன் பெண்டாட்டி எழுதுகிறாள். அப்படி ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால் அம்மாவை அந்தப் பாடு படுத்தியிருக்க மாட்டார்கள். உனக்கு இருக்கிறது. போய்ப் படு. தண்ணீரைக் குடி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காதே. அவர்கள் எழுந்திரு என்று சொல்லும்வரை எழுந்திருக்காதே.

இங்கே உனக்கான கட்டில் எங்கேயும் ஓடிப்போய்விடாது. உன் பங்குத் தண்ணீரை இனிமேல் அந்த விசில் தொட்டால், நான் அங்கே வந்து அவன் காதைத் திருகுவேன் என்று சொல்லிவை.

நன்றாக இரு.

அக்கா


வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

நல்ல செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். நாம் பயந்தபடி இல்லை. பெரிய குழாயின் ஓரத்தில் இருந்தது முடிச்சு இல்லை. அண்ணனை இந்த வரியை இன்னொரு தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

போன வாரம் வந்த உங்கள் கடிதத்தை உங்கள் தம்பியிடம் கொடுத்துவிட்டு நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்தபோது, "என்னைக்கு வரச் சொன்னாங்க?" என்று கேட்டார். நாள் வாங்கி வைத்திருந்தேன் என்று நான் சொல்லவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று கொஞ்சம் பிகு செய்தேன்.

ஸ்கேன் அன்றைக்கு விசிலை ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டேன். அவனும் மறுபேச்சுப் பேசாமல் நின்றான், காதைத் தடவிக்கொண்டே. நான் இவருக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு டம்ளருக்கும் என்னை முறைத்தார். நடுவில் வயிறு அடைக்கிறது என்றார், நிஜமாகவே அடைத்தது. இந்த நோயில் கொஞ்சம் உள்ளே போனாலே நிரம்பிவிட்ட மாதிரி இருக்குமாம். நின்று, நடந்து, மெல்ல மெல்லக் குடித்து முடித்தார். குடல் அசையாமல் இருக்க ஒரு ஊசி, படம் தெளிவாக வர நரம்பில் ஒரு மருந்து. மருந்து ஏறியபோது உடம்பெல்லாம் சுட்டது, இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். அசையவே இல்லையாம். ஸ்கேன் அறைப் பையனே பாராட்டினானாம், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஆளை ரொட்டி மாதிரி மெல்லிய துண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கிறார்கள், அண்ணி, ஒரு கீறல் இல்லாமல். மௌஸை உருட்ட உருட்ட மார்பிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகலாம். பழைய படத்தில் பெரிய குழாயின் ஓரத்தில் அந்த உருண்டை. புதிய படத்தில் அதே இடத்தில் தண்ணீர் புகுந்து விரிந்திருந்தது. உருட்டினால் அது வளைந்து, நீண்டு, அடுத்த துண்டிலும் அதற்கடுத்த துண்டிலும் தொடர்ந்துகொண்டே இருந்தது. "முடிச்சுன்னா ஒரு இடத்துல தெரிஞ்சு கொஞ்சத்துல மறைஞ்சுடும். இது பாருங்க, போய்க்கிட்டே இருக்கு. இது குடல்தான்" என்றார். உங்கள் தம்பி திரையைத் தொடப் போனார். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையை விடவும் இல்லை.

மறைக்காமல் மீதியையும் எழுதுகிறேன். இரைப்பையை ஒட்டி மூன்று முடிச்சுகள் இருக்கின்றன, அவை நிஜம். உருண்டு திரண்டு, இருக்க வேண்டிய அளவைவிடப் பெரிதாக இருக்கின்றன. அவற்றில் நோய் இருப்பது உறுதிதானா என்று கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. ஸ்கேன் பெரும்பாலும் அளவையும் உருவத்தையும் வைத்துத்தான் சொல்லுமாம். சாதாரண வீக்கத்திலும் முடிச்சு பெரிதாகலாம், சின்னதாகத் தெரிகிற ஒன்றுக்குள்ளும் நோய் ஒளிந்திருக்கலாம். எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் கடைசி வார்த்தை என்றார். ஆனால் ஆபரேஷன் டாக்டருக்கு எங்கே போக வேண்டும், எதுவரைக்கும் எடுக்க வேண்டும் என்று இந்தப் படம் வழி சொல்லிவிடும். குருட்டாம்போக்கில் திறந்து பார்க்கும் வேலை இல்லை, அண்ணி. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றே இதைக் குறிப்பாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

முதலில் நரம்பு வழியாகச் சில தடவை மருந்து ஏற்றுவார்கள், கட்டியும் முடிச்சும் சுருங்குவதற்காக. பிறகு இன்னொரு ஸ்கேன். அதற்குப் பிறகு ஆபரேஷன். மறுபடியும் வண்டி ஓட்டலாமா என்று உங்கள் தம்பி கேட்டார். முதலில் சாப்பிடப் பழகுங்கள், ஸ்டியரிங் எங்கேயும் போகாது என்றார் ஆபரேஷன் டாக்டர். கொஞ்சம் முசுடு, ஆனால் கைராசிக்காரராம், எல்லாரும் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். செருப்பை யார் நகர்த்தி வைத்தது என்று என் மேல் எரிந்து விழுந்தார். கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சப்ப பயமே இல்லடி. இப்பத்தான் பயமா இருக்கு" என்றார். எனக்குப் புரிந்தது. பிழைக்க வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு உயிர் மேல் ஆசை வந்திருக்கிறது. பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்களும் இருங்கள் என்றேன். என் தோளில் தலையை வைத்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குத் துக்கமாக இல்லை, அண்ணி. சந்தோஷமாகத்தான் இருந்தது. சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து சட்டைகளை மறுபடியும் அலமாரியில் அடுக்கினேன், இஸ்திரி கலையாமல்.

அவர் தேறி வருவார். இதை நான் தைரியத்துக்காகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறேன். மருந்து ஏற்றும் நாட்களில் எனக்குப் பாதி நாள் விடுப்புத் தருவதாக முதலாளி சொல்லிவிட்டார். வாந்தி வரும், முடி கொட்டும் என்றார்கள். முடியைப் பற்றிக் கவலையில்லை, அவர் தலையில் கொட்டுவதற்கு என்ன இருக்கிறது? இங்கே எல்லாவற்றுக்கும் நான் தயார்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் தயாராக இல்லை. அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது.

அம்மாவை உள்ளே கொண்டுபோன அன்று, அந்தக் கதவுக்கு வெளியே நீங்கள் தனியாக நின்றதை நேற்றுத்தான் உங்கள் தம்பி சொன்னார். பாவாடை கட்டும் வயசில், கையில் இவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். அப்படி ஒரு கதவுக்கு முன்னால் மறுபடியும் வந்து உட்காருங்கள் என்று உங்களைக் கேட்பது கொடுமை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். உள்ளே அவரைப் பார்த்துக்கொள்ள நிறையப் பேர் இருப்பார்கள். கதவு மூடியதும் வெளியே நான் இருப்பேன். விசில் இருப்பான், ஆனால் அவன் அழ ஆரம்பித்தால் அவனையும் நான்தான் தேற்ற வேண்டும். எல்லாரும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் நான் அப்படி இருக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு பெரியவர் எனக்கு வேண்டும்.

உங்கள் தம்பிக்காக வர வேண்டாம். எனக்காக வாருங்கள், அண்ணி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை